டிசம்பரில் முடியாத ஆண்டுகள்

பாரீஸ் மாநகரின் வட கோடியில், போர்ட் டி லா ஷப்பெல் பகுதியில் ஓர் உள்ளரங்கம் இருக்கிறது. 2024 ஆகஸ்டில் ஒலிம்பிக் பூப்பந்துப் போட்டிகள் அங்கேதான் நடந்தன. கிள்ளானில் பிறந்த எம். தீனாவும் அவருடைய ஜோடி பியர்லி டானும் வெண்கலத்துக்கான ஆட்டத்தில் ஜப்பானின் நாமி மட்சுயாமா - சிஹாரு ஷிடா ஜோடியிடம் தோற்று, நான்காம் இடத்தோடு வெளியே வந்தார்கள். ஓராண்டு போனது. 2025 ஆகஸ்ட் 31 அன்று அதே அரங்கில் உலக வெற்றியாளர் போட்டியின் இறுதி ஆட்டம். உள்ளே நடந்து வந்தவர்கள் அதே இருவர். மலேசியாவின் பெண்கள் இரட்டையர் ஜோடி எதுவும் அதுவரை தொட்டிராத ஆட்டம் அது. சீனாவின் லியு ஷெங்ஷு - டான் நிங் ஜோடி மூன்று செட்களில் வென்றது. தீனாவின் கழுத்தில் வெள்ளி விழுந்தது.

இரண்டு ஆகஸ்டிலும் கடைசி ஆட்டத்தில் தோல்விதான். முதல் தோல்வியை நாடே பெருமூச்சோடு பேசியது. இரண்டாவதைக் கொண்டாடியது.

செராஸில் டிசம்பர் பிறந்துவிட்டால் இந்த மாதிரிக் கணக்குகள் தொடங்கிவிடும். புதன்கிழமை தாமான் கன்னாட் இரவுச் சந்தையில் கூட்டத்தோடு கூட்டமாக நகரும்போது, மாமாக் கடையில் தே தாரிக் ஆறுவதற்குள், காஜாங் போகும் எம்ஆர்டியில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது, யாராவது ஒருவர் கேட்டுவிடுகிறார்: “இந்த வருசம் எப்படிப் போச்சு?” கேட்டவருக்குக் கிடைப்பது பெரும்பாலும் “சுமார்தான்லா” என்ற ஒற்றை வரி. அதற்குள் போனஸ் வராதது, கார்க் கடன், பிள்ளையின் எஸ்பிஎம், ஒரு கல்யாணம், ஒரு காரியம் எல்லாம் அடங்கிவிடும். 31-ஆம் தேதி இரவு வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் மட்டும் எல்லாருடைய ஆண்டும் அமோகமாக இருக்கும். லங்காவிப் படம், புதுக் கார் படம், பட்டமளிப்பு விழா படம். மருத்துவமனை வராந்தாவில் விழித்திருந்த இரவை எவரும் ஸ்டேட்டஸில் போடுவதில்லை.

இந்த வருடக் கணக்கு முறையிலேயே ஒரு கோளாறு இருக்கிறது. டிசம்பர் 31-இல் ஏடு மூடப்படும் என்று நாமாக நினைத்துக்கொள்கிறோம். பத்துமலையின் 272 படிகளைக் காவடியோடு ஏறுபவரைக் கேட்டால் வேறு விதமாகச் சொல்வார். போன வருடம் பிள்ளைக்கு உடம்பு முடியாமல் போனபோது வேண்டிக்கொண்டதை இந்தத் தைப்பூசத்தில் தீர்க்கிறார் அவர். அவருடைய ஆண்டு இரண்டு நாட்காட்டிகளில் கிடக்கிறது. விளையாட்டுக்காரர்களின் ஆண்டும் அப்படித்தான். அவர்களுடைய ஏற்றமும் இறக்கமும் ஊரறிய, தேதியோடு பதிவாகிவிடுவதால் நமக்குக் கணக்குப் பார்ப்பது சுலபம். மலேசியத் தமிழ்ப் பெண்கள் மூவரின் ஆண்டுகளை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால், நம்முடைய டிசம்பர்த் தீர்ப்புகள் எவ்வளவு அவசரமானவை என்று தெரியும். அவற்றில் ஒன்று, தீர்ப்பே சொல்ல முடியாத ஆண்டு.

தீனாவின் கதையில் பாரீஸ் மூன்று முறை வருகிறது. 2022 அக்டோபரில் அங்கே பிரெஞ்சு ஓப்பன் பட்டம். அதற்கு இரண்டு மாதம் முன்புதான் பர்மிங்ஹாம் காமன்வெல்த் போட்டியில் இரட்டையர் தங்கமும், இந்தியாவை வீழ்த்திய கலப்பு அணித் தங்கமும் வந்திருந்தன. இரண்டாவது முறை 2024 ஒலிம்பிக். அந்த ஒலிம்பிக்கில் மலேசியா பெற்றது 2 வெண்கலம். இரண்டும் பூப்பந்தில், இரண்டும் ஆண்களுக்கு. அதனால் நான்காம் இடம் இன்னும் கூடுதலாக உறுத்தியது. ஒலிம்பிக் பெண்கள் இரட்டையரில் அரையிறுதியை எட்டிய முதல் மலேசிய ஜோடி இவர்கள் என்ற செய்தி அந்த உறுத்தலில் அமுங்கிப்போனது. மூன்றாவது முறை, மேலே சொன்ன உலக வெள்ளி. அதே 2025-இல் மே மாதம் தாய்லாந்து ஓப்பன் பட்டம், உலகத் தரவரிசையில் 2-ஆம் இடம், அக்டோபரில் பின்லாந்தின் வாண்டா நகரில் ஆர்க்டிக் ஓப்பன் பட்டம். வாண்டா என்ற பெயரை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ளட்டும். பின்னால் வேறொரு காரணத்துக்காக அங்கே போக வேண்டியிருக்கிறது.

பதக்க மேடையின் உளவியலைப் பற்றி ஒரு பிரபலமான ஆய்வு உண்டு. அமெரிக்காவின் கார்னல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தாமஸ் கிலோவிச், விக்டோரியா மெட்வெக் ஆகியோரும் ஸ்காட் மேடியும் 1995-இல் வெளியிட்டது. 1992 பார்சலோனா ஒலிம்பிக் வீடியோக்களில் வீரர்களின் முகங்களை ஆராய்ந்தார்கள். வெள்ளி வாங்கியவர்களைவிட வெண்கலம் வாங்கியவர்கள் அதிக மகிழ்ச்சியோடு தெரிந்தார்கள். வெள்ளிக்காரர் தங்கத்தை நினைத்துப் புழுங்குகிறார், வெண்கலக்காரர் வெறுங்கையோடு போகாமல் தப்பித்ததை நினைத்துச் சிரிக்கிறார் என்பது அவர்கள் சொன்ன விளக்கம். நம் வீட்டு டிசம்பர்க் கணக்கும் அதே வகைதான். நடந்ததை எண்ணுவதில்லை, நடந்திருக்கக்கூடியதைப் பக்கத்தில் வைத்து எண்ணுகிறோம். அண்டை வீட்டுப் பையனுக்கு எட்டு ஏ வந்திருந்தால் நம் பையனின் ஆறு ஏ தோல்வியாகிவிடுகிறது.

கார்னல் என்றதும் இன்னொரு பெயர் வர வேண்டும். கெடாவில் பிறந்த சுவர்ப்பந்து வீராங்கனை எஸ். சிவசங்கரி படித்ததும் அங்கேதான். 2018 ஜாகர்த்தா ஆசியப் போட்டியின் தனிநபர் இறுதியில் இவர் எதிர்கொண்டது நிக்கோல் டேவிட்டை. எட்டு முறை உலக வெற்றியாளர், ஒன்பது ஆண்டுகள் தொடர்ந்து உலகின் முதல் நிலை வீராங்கனை. தங்கம் நிக்கோலுக்குப் போனது, வெள்ளி 19 வயது சிவசங்கரிக்கு. அடுத்த ஆண்டே நிக்கோல் ஓய்வு பெற்றார். அந்த இடத்துக்கு யார் என்ற கேள்விக்குப் பதிலாக எல்லாரும் பார்த்தது இந்தப் பெண்ணைத்தான்.

2022 அவருக்கு நல்ல ஆண்டாகத்தான் போய்க்கொண்டிருந்தது. கார்னல் படிப்பு முடிந்தது. ஜூலை இறுதியில் பர்மிங்ஹாம் காமன்வெல்த் போட்டி காத்திருந்தது. ஜூன் மாதக் கடைசியில் அவர் ஒரு கார் விபத்தில் சிக்கினார். தலை, முகம், கழுத்துப் பகுதிகளில் காயமும் எலும்பு முறிவும். காமன்வெல்த் கனவு அந்த விபத்தோடு போனது.

கழுத்துக் காயம் எந்த விளையாட்டுக்காரருக்கும் பெரிய அடிதான். சுவர்ப்பந்தில் அது எத்தனை பெரிய அடி என்பது ஆடுகளத்துக்குள் போய் நின்றால்தான் புரியும். 9.75 மீட்டர் நீளம், 6.4 மீட்டர் அகலம் கொண்ட, நாலு பக்கமும் சுவர் எழுப்பிய பெட்டி அது. எதிராளியும் அதே பெட்டிக்குள், கை எட்டும் தூரத்தில். நடுவில் நிற்பவருக்குப் பந்து பாதி நேரம் முதுகுக்குப் பின்னால்தான் இருக்கிறது. முகத்தை முன்சுவருக்குக் காட்டிக்கொண்டு நின்றால் எதிராளி என்ன அடிக்கப் போகிறார் என்று தெரியாது. அதனால் ஒவ்வொரு அடிக்கும் கழுத்தைத் தோளுக்கு மேலே திருப்பிப் பின்மூலையைப் பார்க்க வேண்டும், பார்த்த வேகத்தில் திரும்பி ஒரு காலை நீட்டிப் பாய வேண்டும். ஒரு ஆட்டத்தில் நூற்றுக்கணக்கான முறை. பந்து வேறு லேசில் எழும்பாத ரகம். இரண்டு மஞ்சள் புள்ளி போட்ட போட்டிப் பந்தை அடித்து அடித்துச் சூடாக்கினால்தான் துள்ளும். கழுத்து திரும்பாதவருக்கு இந்தப் பெட்டிக்குள் வேலையே இல்லை.

சில மாதங்களில் அவர் திரும்பி வந்து ஆடினார். வந்தவருக்கு முன்னால் ஹாங்சோ ஆசியப் போட்டி இருந்தது. இங்கேதான் நாட்காட்டி ஒரு வேடிக்கை செய்தது. ஹாங்சோ போட்டிகள் முதலில் 2022 செப்டம்பரில் நடக்க வேண்டியவை. சீனாவில் கோவிட் மறுபடி பரவியதால் 2022 மே மாதத்தில் ஓராண்டு தள்ளி வைத்தார்கள். அந்த அறிவிப்பு வந்தபோது ஆசியா முழுவதும் வீரர்கள் புலம்பினார்கள். உச்சத்தில் இருக்கிறோம், அடுத்த வருடம் வயது கூடிவிடும், பயிற்சித் திட்டம் எல்லாம் வீண் என்று. யாருக்கும் அது நல்ல செய்தியாகத் தெரியவில்லை. அடுத்த மாதமே விபத்து. போட்டி சொன்ன தேதியில் நடந்திருந்தால் சிவசங்கரி அதைத் தொலைக்காட்சியில்தான் பார்த்திருக்க முடியும்.

நடந்தது 2023-இல். செப்டம்பர் இறுதியில் பெண்கள் அணித் தங்கம். அக்டோபர் 5 அன்று தனிநபர் இறுதியில் ஹாங்காங்கின் சான் சின் யுக்கை வீழ்த்தி இரண்டாவது தங்கம். ஹாங்சோவில் மலேசியா வென்ற தங்கம் மொத்தம் 6. கராத்தே 50 கிலோ பிரிவில் சி. ஷாமளாராணி வென்றதையும் சேர்த்தால், அந்த ஆறில் மூன்றில் தமிழ்ப் பெண்களின் கை இருக்கிறது. இதை நம் வானொலிகளும் நாளேடுகளும் ஒரு வாரம் கொண்டாடின. இன்னும் கொஞ்ச நாள் கொண்டாடியிருக்கலாம்.

அக்டோபர் 5-க்குப் பிறகு 11 நாள் கழித்து, மும்பையில் கூடிய அனைத்துலக ஒலிம்பிக் மன்றம் 2028 லாஸ் ஏஞ்சலஸ் போட்டியில் சுவர்ப்பந்தைச் சேர்ப்பதாக முடிவெடுத்தது. நிக்கோல் டேவிட் தன் காலம் முழுவதும் கேட்டுக்கொண்டிருந்த வாய்ப்பு அது. அவருக்குக் கிடைக்கவே இல்லை. 2024 வசந்தத்தில் சிவசங்கரி லண்டன் கிளாசிக் பட்டத்தை எடுத்தார். நூர் எல் ஷெர்பினி, ஹானியா எல் ஹம்மாமி என்று எகிப்தின் பெரிய பெயர்களை ஒரே வாரத்தில் தாண்டி வந்த பட்டம்.

இப்போது சிவசங்கரியின் 2022 நல்ல ஆண்டா, கெட்ட ஆண்டா? அந்த டிசம்பரில் கேட்டிருந்தால் சந்தேகமே இல்லாமல் கெட்டது. இன்றைக்குக் கேட்டால், “அடிபட்டதுதான் அவரை உருவாக்கியது” என்று மேடைப் பேச்சாளர்கள் சொல்லிவிடுவார்கள். அதில் இந்தக் கட்டுரைக்கு உடன்பாடு இல்லை. விபத்து யாரையும் உருவாக்குவதில்லை. மருத்துவர்களும் உடற்பயிற்சி நிபுணர்களும் பயிற்சியாளர்களும் உருவாக்கினார்கள், 2018-இலேயே இறுதி ஆட்டம் வரை போன அவருடைய திறமை உருவாக்கியது, தள்ளிப்போன ஒரு போட்டி அதற்கு நேரம் கொடுத்தது. ஒரு வருடத்தின் பள்ளத்தை அடுத்த வருடத்தின் மேட்டுக்குக் காரணமாக்குவது கேட்க நன்றாக இருக்கும். பள்ளத்தில் கிடப்பவருக்கு அதனால் ஒரு பயனும் இல்லை.

எஸ். கிஷோனாவின் 2021-ஐப் பார்க்கும்போது இது இன்னும் தெளிவாகத் தெரியும்.

சிரம்பானைச் சேர்ந்த பூப்பந்து வீராங்கனை கிஷோனா 2019 பிலிப்பைன்ஸ் சீ விளையாட்டுப் போட்டியில் பெண்கள் ஒற்றையர் தங்கம் வென்றவர். 2021-இல் சுடிர்மான் கிண்ணக் கலப்பு அணிப் போட்டி பின்லாந்தின் வாண்டாவில் நடந்தது. மலேசிய அணி அரையிறுதிக்குப் போனது. அக்டோபர் 2 அன்று ஜப்பானோடு மோதி 1-3 என்ற கணக்கில் தோற்றது. கிஷோனாவுக்கு எதிரே நின்றவர் அகானே யமாகுச்சி. அதே ஆண்டு டிசம்பரில் உலக வெற்றியாளரான அதே யமாகுச்சி. அவரிடம் தோற்பது விளையாட்டில் நடக்கிற காரியம். அணி அரையிறுதி வரை போனதே அந்த ஆண்டின் நல்ல செய்திகளில் ஒன்றாக இருந்திருக்க வேண்டும்.

ஆனால் செய்தியானது வேறொன்று. ஓர் அரசியல் கட்சியின் தொகுதிப் பொறுப்பாளர் முகநூலில் கிஷோனாவை இன இழிசொல்லால் குறிப்பிட்டு எழுதினார். எந்தத் தோட்டத்திலிருந்து பிடித்து வந்தார்கள் என்கிற தோரணையில் தோட்டத்தையும் இழுத்தார். அமைச்சர்கள் கண்டித்தார்கள், பூப்பந்துச் சங்கம் கண்டித்தது, மலாய், சீன ரசிகர்களும் கிஷோனாவுக்காகக் குரல் கொடுத்தார்கள். எழுதியவர் மன்னிப்புக் கேட்டார். கட்சியும் நடவடிக்கை எடுத்தது. பொதுவெளியில் விஷயம் சில நாள்களில் முடிந்துவிட்டது.

இந்தப் பள்ளத்தை எந்தக் கணக்கில் எழுதுவது? ஆட்டத்தில் செய்த பிழை என்றால் அடுத்த பயிற்சியில் திருத்தலாம். எலும்பு முறிவு என்றால் மருத்துவர் பார்த்துக்கொள்வார். இதற்குக் கிஷோனா செய்ய வேண்டியது ஒன்றுமே இல்லை. தங்கம் வென்றிருந்தும் அந்தச் சொல் வந்தது. அடுத்து எத்தனை தங்கம் வென்றாலும் அது சொல்லப்படாததாக ஆகிவிடாது. அவருடைய ஆண்டின் மிகத் தாழ்ந்த நாளை அவர் உண்டாக்கவில்லை, வீட்டில் உட்கார்ந்து கைப்பேசியில் தட்டிய இன்னொருவர் உண்டாக்கினார். வேலையிடத்திலும் வாடகை வீடு தேடும்போதும் இதே அனுபவத்தைச் சந்தித்த செராஸ்வாசிகள் பலருக்கு இது புரியும். “இந்த வருசம் எப்படிப் போச்சு” என்ற கேள்விக்கு அவர்களும் “சுமார்தான்லா” என்றே சொல்லிவிட்டுப் போகிறார்கள்.

தோட்டம் என்று எழுதியவர் ஒன்றை மறந்துவிட்டார். கிள்ளான் பள்ளத்தாக்கில் இன்றைய தாமான்கள் எத்தனையோ, ரப்பர் வரிசைகளும் ஈய லம்பங்களும் இருந்த மண்ணில்தான் எழுந்திருக்கின்றன. தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது தொழிலாளர்கள் நடுத்தெருவில் நிற்கக் கூடாது என்று துன் வீ.தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளர்களின் சிறு சேமிப்பைத் திரட்டித் தோட்டங்களை வாங்கினார். அந்தச் சேமிப்பில் படித்து வந்த தலைமுறைதான் இன்று பிள்ளைகளைச் சனிக்கிழமை காலையில் பூப்பந்துக் கூடங்களுக்கு ஏற்றிச் செல்கிறது.

அந்தக் கூடங்களில் ஒன்றுக்குப் போய்ப் பாருங்கள். பட்டறை வரிசைக்கு நடுவில் உயரமான தகரக் கூரை, பச்சை ரப்பர் விரிப்பு, மணிக் கணக்கில் வாடகை. இறகுப்பந்து காற்றில் விலகிவிடும் என்பதால் ஆட்டம் நடக்கும்போது மின்விசிறி ஓடாது. பத்து வயதுப் பிள்ளைகள் சட்டை உடம்போடு ஒட்ட ஒட்ட ஓடிக்கொண்டிருப்பார்கள். வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் அம்மாக்களும் அப்பாக்களும். ஆட்டம் முடிந்து வரும் பிள்ளையிடம் அவர்கள் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: “ஜெயிச்சியா?” தீனாவிடமும் யாரோ ஒரு காலத்தில் அப்படிக் கேட்டிருக்கக்கூடும். கேட்கக் கூடாது என்று சொல்ல முடியாது, மாதக் கட்டணம் கட்டுபவர்கள் அவர்கள். “இன்னிக்கு என்ன கத்துக்கிட்ட?” என்று இரண்டாவதாக ஒன்றைக் கேட்டால் பிள்ளை கொஞ்ச நேரம் கூடப் பேசும்.

நாட்டின் பெரிய ஆட்டங்கள் நடக்கும் புக்கிட் ஜாலிலும் ரப்பர் தோட்டமாக இருந்த இடம்தான். 1998 காமன்வெல்த் போட்டிக்காகத் தேசிய விளையாட்டு வளாகம் அங்கே எழுந்தது. சுவர்ப்பந்து காமன்வெல்த் போட்டியில் முதன்முதலாகச் சேர்க்கப்பட்டதும் அந்த ஆண்டுதான். 50 கிலோமீட்டர் நடைப் போட்டியில் ஜி. சரவணன் தங்கம் வென்றதும் அந்தப் போட்டியில்தான். அதே மண்ணில் தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள் சில வீட்டுக்காகப் பல ஆண்டுகள் போராட வேண்டியிருந்தது. மேடும் பள்ளமும் இப்படி ஒரே முகவரியில் இருப்பதும் உண்டு.

இனி வரும் கணக்குகளுக்குத் தேதி குறித்தாகிவிட்டது. ஜப்பானின் ஐச்சி - நகோயாவில் அடுத்த ஆசியப் போட்டி 2026 செப்டம்பர் 19-இல் தொடங்குகிறது. அங்கே சிவசங்கரியின் தனிநபர் தங்கம் மறுபடி பந்தயத்துக்கு வரும். 2028-இல் லாஸ் ஏஞ்சலஸ்.

அதற்கு முன்னால், ஒவ்வோர் ஆண்டும் ஜனவரியில் நடக்கும் மலேசிய ஓப்பன் பூப்பந்துப் போட்டி இருக்கிறது. புக்கிட் ஜாலில் அக்சியாத்தா அரங்கம். செராஸ் எல்ஆர்டி நிலையத்தில் ஸ்ரீ பெட்டாலிங் தடத்தில் ஏறினால் ஐந்தாவது நிறுத்தம். பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு முதல் சுற்று நாளிலேயே போய்விடுங்கள். இறுதி நாளைப் போல நெரிசல் இருக்காது, தோற்று வெளியேறும் ஆட்டக்காரர்களுக்கும் கை தட்ட நேரம் கிடைக்கும்.